சரிந்த அட்டி

அண்ணன் அடித்த முதல் அடி என் கணவரின் வாயில் விழுந்தது. கன்னம் இருந்தது, முதுகு இருந்தது, அவர் குறி பார்த்து வாயில்தான் அடித்தார். நாளெல்லாம் மூட்டையில் கொக்கி போட்டு இழுத்துக் காய்த்துப்போன கை. மேலுதடு பிளந்து பல் வெளியே தெரிந்தது. குடோன் கேட்டுக்கு முன்னால் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்க்க, என் கணவர் தள்ளாடிப் பின்னால் போய்க் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்த வாய்தானடா" என்றார் அண்ணன். "என் பிள்ளையப் பொதைக்கிற எடத்துல, பெத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்ப, ஊர் பேர் தெரியாதவனுக்கு ஜெபம் பண்ணின வாய் இதுதானடா."

தங்கை புருஷன் என்று அதுவரை அவரை "மாப்பிள்ள, வாங்க, உக்காருங்க" என்றே பேசியவர் என் அண்ணன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சொல் மரியாதை குறைந்ததில்லை. அந்த "டா" காதில் விழுந்தபோது அடியைவிட அதற்குத்தான் நான் பயந்தேன். நாக்கு எல்லை தாண்டிய பிறகு கையை யார் பிடிப்பது? அடுத்த அடி காதில் விழுந்தது. அதற்கடுத்தது எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை, ஆள் தரையில் கிடந்தார், அண்ணன் மிதித்துக்கொண்டிருந்தார். நான் புகுந்து அண்ணனின் மணிக்கட்டைக் கடித்தேன். ரத்தம் உப்புக் கரித்தது. என்னை உதறித் தள்ளிவிட்டு, "உன் புருஷன இழுத்துட்டுப் போ, இல்லன்னா இங்கயே இன்னொரு குழி வெட்டணும்" என்றார். அவர் சொன்னால் செய்வார்.

நாங்கள் எல்லோரும் அந்தத் துறைமுகக் குடோனில் பிழைக்கிறவர்கள். அண்ணன் சுமை ஆட்களுக்கு மேஸ்திரி. என் கணவர் அவருக்குக் கீழே மூட்டை சுமக்கிறவர். நான் கிழிந்த மூட்டைகளைக் கோணி ஊசியால் தைக்கிறவள். அண்ணனின் ஒரே மகன் மூட்டையைத் தூக்கி விடுகிறவன். வெளியாட்களுக்கு இது விளங்காது. எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் தன் முதுகில் தானே மூட்டையை ஏற்றிக்கொள்ள முடியாது. சுமக்கிறவன் குனிந்து முதுகைக் கொடுப்பான். தூக்கி விடுகிறவன் மூட்டை முனையில் காது மாதிரித் துருத்தும் இரண்டு மூலையையும் பிடித்துத் தூக்கி, பிடரிக்கும் தோளுக்கும் நடுவில் பதமாக உட்கார வைப்பான். கொஞ்சம் பிசகினால் இடுப்பு போய்விடும். அதனால் எங்கள் ஆட்கள் யாருக்கு முன்னால் வேண்டுமானாலும் குனிந்துவிட மாட்டார்கள். என் கணவர் குனிந்தது அண்ணன் மகனுக்கு முன்னால் மட்டும்தான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவன் எங்கள் வீட்டில்தான் பாதி வளர்ந்தான். தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் என்னைப் பார்த்தால் "அத்தை, என்ன இருக்கு?" என்றுதான் வாயைத் திறப்பான்.

என் கணவருக்குக் குடோனில் 'ஸ்தோத்திரம்' என்று பட்டப்பெயர். முதுகில் மூட்டை உட்காரும்போதெல்லாம் மூச்சோடு அந்த வார்த்தை வெளியே வந்துவிடும். அப்படிப்பட்டவர் இருக்கும் சபைக்கு ஒரு ஊழியக்காரர் வந்து, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாட்டில் கொடும் பஞ்சம். அங்கே பெண்கள் எறும்புப் புற்றைத் தோண்டி, எறும்பு சேர்த்து வைத்திருக்கும் தானியத்தை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களாம். படத்தில் ஒருத்தி உட்கார்ந்து மண்ணையும் தானியத்தையும் பிரித்துக்கொண்டிருந்தாள். குடோனில் சிந்தியதைக் கூட்டி அள்ளி நான் எப்படிப் பிரிப்பேனோ, அதே மாதிரி. நானும் பார்த்தேன், பாவம் என்றேன், வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டேன். அவர் தூங்கவில்லை. "எனக்கு அந்த ஜனங்க மேல பாரம் வந்துடுச்சு" என்றார். எங்கள் சபைப் பேச்சில் பாரம் என்றால், அடுத்தவன் துன்பம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஜெபம் பண்ணாமல் விடாது என்று அர்த்தம். "பகல் பூரா முதுகுல தூக்குறது போதாதா, நெஞ்சுலயும் ஏத்திக்கணுமா?" என்று கேட்டேன். சிரித்தார். மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டார். அந்த நாட்டின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. "பசியாயிருக்கிற அந்த ஜனங்கள்" என்றே ஜெபத்தில் சொல்வார். ஆண்டவருக்கு விலாசம் தெரியும் என்பார்.

சாப்பிடமாட்டார் என்று தெரிந்தும் வீம்புக்கு நான் டப்பாவில் கட்டிக் கொடுத்து அனுப்புவேன். அவர் ஒரு மூலையில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடியதும், அண்ணன் மகன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்துவிடுவான். "மாமா ஜெபம் பண்ணுவார், நான் ஆமென் சொல்லுவேன். ஆளுக்கு ஒரு வேலை" என்பான். ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் கணவர் கண்ணைத் திறக்காமலே, "நல்லா சாப்பிடுடா, நீதான என்னைத் தூக்கி விடணும்" என்பார்.

அப்புறம் அந்த ஜனங்களுக்கான தானியமே எங்கள் குடோனுக்கு வந்து சேர்ந்தது. எங்கெங்கோ சபைகளும் சங்கங்களும் சேர்த்து அனுப்பிய சோளம். கப்பல் வரும்வரை இங்கே அட்டி போட்டு வைக்கச் சொன்னார்கள். மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதை நாங்கள் அட்டி என்போம். என் கணவரைப் பார்க்க வேண்டுமே, பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை. சுமந்து வந்த ஒவ்வொரு மூட்டையையும் ஒரு தடவை தட்டிக் கொடுத்தார். லாரி வந்துகொண்டே இருந்தது, இடம் போதவில்லை. அட்டியை உயர்த்து என்றார் குடோன் மேனேஜர். அடி வரிசை ஈரத்தில் இளகிக் கிடக்கிறது, இதற்குமேல் தாங்காது என்று அண்ணன் எல்லோர் முன்னிலும் சொன்னார். "கப்பல் வர்ற வரைக்கும்தானேய்யா, சும்மா பயமுறுத்தாத" என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மத்தியானம், அண்ணன் மகன் அட்டிக்கு அடியில் நின்று என் கணவருக்கு மூட்டையைத் தூக்கி விட்டான். அவர் அதோடு திரும்பி நடந்தார். பின்னால் சத்தம் கேட்டது. மலை இடிகிற மாதிரி என்று சொல்வார்கள், அதெல்லாம் இல்லை. பொத் பொத்தென்று, மெத்தையைத் தட்டுகிற மாதிரிதான் கேட்டது. தூசி அடங்கியபோது அட்டி இருந்த இடத்தில் ஒரு குவியல் கிடந்தது, அதற்கு வெளியே அவன் கை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் கொக்கியை எடுத்துக்கொண்டு பாய்ந்தோம். மகன் மேல் கொக்கி பட்டுவிடுமோ என்று அண்ணன் கொக்கியை வீசிவிட்டு நகத்தால் மூட்டைகளைப் பிறாண்டினார். வெளியே எடுத்தபோது முகம் முகமாக இல்லை. வாய் நிறையச் சோளம். நான் விரலை விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தேன், வந்துகொண்டே இருந்தது.

அடக்கத்தன்று பாஸ்டர் என் கணவரை ஜெபிக்கச் சொன்னார். அவர் கண்ணை மூடினார். "ஆண்டவரே, இந்த மகனை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்று ஆரம்பித்தவருக்கு அழுகை முட்டியது, குரல் போய்விட்டது. திரும்பக் குரல் வந்தபோது, தினம் தினம் பழகிய தடத்தில் வாய் தானாகப் போய்விட்டது. "பசியாயிருக்கிற அந்த ஜனங்களை நினைத்தருளும். அவர்களுக்குத் தானியம் போய்ச் சேர வழி உண்டாக்கும்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். குழிக்குள் கிடப்பவனைக் கொன்றதே அந்தத் தானியம்தான். அண்ணன் மண்ணை அள்ளிப் போட்டார், கையைக்கூடத் தட்டாமல் நடந்து போய்விட்டார்.

மறுநாளே வேலை நின்றது. சரிந்த அட்டியில் ஒரு மூட்டையும் நகரக்கூடாது என்றார் அண்ணன். அதிகாரிகள் வந்து பார்க்கட்டும், எவ்வளவு உயரம் ஏற்றியிருந்தார்கள், அடி எப்படி இளகியிருந்தது என்று அவர்கள் கண்ணால் பார்த்து எழுதட்டும், மேனேஜர் கூண்டில் ஏறட்டும். அதில் என்ன தப்பு? குவியலைக் கலைத்துவிட்டால் பையன் கவனக்குறைவாக இருந்தான் என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். மேனேஜரும் அதைத்தான் எதிர்பார்த்தார். கப்பல் வேறு வந்து நின்றது. லாரியில் வெளியாட்களை ஏற்றிக் கொண்டுவந்தார். கேட்டுக்கு முன்னால் எங்கள் ஆட்கள் அவர்களைக் கீழே இழுத்துப் போட்டு அடித்தார்கள். ஒருவன் கை முறிகிற சத்தம் கேட்டது, காய்ந்த விறகு ஒடிகிற மாதிரி. அவனும் யாரோ ஒருத்தியின் புருஷன்தான். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார், வேலைன்னு கூப்பிட்டாங்க" என்று அவன் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. அதிகாரிகள் இன்று வருகிறார்கள், நாளை வருகிறார்கள் என்றார்கள், ஒருவரும் வரவில்லை. கப்பல் சனிக்கிழமை மாலைக்கு மேல் நிற்காது என்று செய்தி வந்தது.

அந்தச் செய்தி கேட்டுத்தான் வெள்ளிக்கிழமை என் கணவர் கேட்டுக்குப் போனார். நான் தடுத்தேன். கேட்கவில்லை. "மச்சான், மத்த எதையும் தொட வேணாம். அவங்களுக்கு வந்தத மட்டும் அனுப்பிடலாம். அங்க சாவுறாங்க" என்றார். அதற்குப் பதிலாகத்தான் அந்த அடி விழுந்தது.

ஆஸ்பத்திரியில் உதட்டைத் தைத்தார்கள். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவரைப் பார்த்தேன். ஒரு கண் மூடிக் கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கையில் இருந்த சொம்பைச் சுவரில் அடித்தேன். "செத்தது நம்ம பிள்ளை. என் கையால அவன் வாயத் தோண்டினேன். உங்களுக்கு அவனவிட எவளோ ஒருத்தி பெருசாப் போயிட்டாளா?" என்று கத்தினேன். தையல் போட்ட வாயோடு அவர் பேசியது சொதசொதவென்று வந்தது. "அவனவிட யாரும் பெருசில்ல. ஆனா அவன் திரும்ப வரமாட்டான். அவங்க இன்னும் உயிரோட இருக்காங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "இத்தன நாளா நம்மால என்ன முடியும், ஜெபம்தான் முடியும்னு இருந்தேன். இப்ப ஆண்டவர் என் முதுகக் கேக்குறார். மாட்டேன்னு சொன்னா, இதுவரைக்கும் பண்ணின ஜெபமெல்லாம் வாய்ப்பேச்சுதான்." ஆண்டவர் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. கேட்கிறதுதான் கேட்கிறார், ஊரில் வேறு முதுகே இல்லையா?

சனிக்கிழமை மத்தியானம் அவர் எழுந்து சட்டையைப் போட்டார். நான் கோணி ஊசியும் சணலும் வைத்திருக்கும் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஏன் பையை எடுத்தேன் என்றால் பழக்கம்தான், குடோனுக்குப் போகும்போது கை அதைத் தேடும். கேட்டில் ஆட்கள் எழுந்து மறித்தார்கள். உள்ளே, சரிந்த குவியலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சோறு தண்ணி இல்லாமல் அங்கேயே கிடந்தாராம். "விடுங்கடா, வரட்டும்" என்றார் அங்கிருந்தே. "தனியாளா வந்து என்ன புடுங்கிடுவான்? எவன் தூக்கி விடுவான்னு பாத்துடறேன்." ஆட்கள் சிரித்தார்கள். உண்மைதானே, கேட்டைப் பூட்டினாலும் ஒன்றுதான், பூட்டாவிட்டாலும் ஒன்றுதான்.

என் கணவர் யாரையும் கேட்கவில்லை. குவியலின் ஓரத்தில் இடுப்பு உயரத்தில் கிடந்த ஒரு மூட்டைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, இரண்டு கையையும் பின்னால் விட்டு அதன் காதைப் பிடித்து இழுத்தார். மூட்டை சரிந்து முதுகில் ஏறியது, கோணலாக. எழ முயன்றார். முழங்கால் மடங்கி, மூட்டை தலைக்கு மேலாகப் புரண்டு, முகம் சிமெண்ட் தரையில் அடித்தது. தையல் பிய்ந்துகொண்டது. யாரோ விசில் அடித்தான். அவர் எழுந்து மூட்டையைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் நிமிர்த்தி வைத்து, மறுபடி குனிந்தார். மறுபடி விழுந்தார். இந்தத் தடவை எலும்பில் ஏதோ சத்தம் கேட்டது. மூன்றாம் முறை அவர் குனிந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. நான் ஓடிப்போய் மூட்டையின் காதைப் பிடித்தேன். ஆயுள் முழுக்க மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றை அசைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"தொடாத" என்றார் அண்ணன். எழுந்து வந்தார். கையில் கொக்கி. "உன்னச் சொல்லல, அவனச் சொல்றேன். தொடாதடா. அது மேல என் பிள்ளை ரத்தம் இருக்கு."

இருந்தது. காய்ந்து கறுத்து, சாக்கோடு சாக்காக ஒட்டிக் கிடந்தது. என் கணவர் குனிந்தபடியே இருந்தார். அண்ணன் கொக்கியை ஓங்கி அந்த மூட்டையின் வயிற்றில் குத்தி இழுத்தார். சாக்கு கிழிந்து சோளம் கொட்டியது. "இந்தா, இதுக்குத்தான, இந்தா" என்று அடுத்த மூட்டையைக் கிழித்தார். அதற்கடுத்ததைக் கிழித்தார். வெறி பிடித்தவர் மாதிரி குத்தினார், குத்தக் குத்த மகனின் பெயரைச் சொன்னார். என் கணவர் திரும்பிக் கிழிபடாத மூட்டை ஒன்றின் மேல் குப்புற விழுந்து கையை விரித்து அதை மூடிக்கொண்டார். இறங்கிய கொக்கி நிற்கவில்லை. தோளில் பட்டு, முதுகை நீளமாக உழுதுகொண்டு வந்து சட்டையில் மாட்டி நின்றது.

குடோனில் சோளம் வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் தன் கையைப் பார்த்தார். சட்டையிலிருந்து கொக்கியை எடுக்கப் போனார், வரவில்லை, நான்தான் எடுத்தேன். காயம் ஆழமில்லை, தோல்தான் உரிந்திருந்தது. ஆனால் ரத்தம் ஓடி மூட்டையில் இறங்கியது. பழைய கறைக்குப் பக்கத்தில் புதுக் கறை. என் கணவர் மெல்லத் தலையைத் திருப்பினார். ஜெபம் பண்ணப் போகிறார் என்று நினைத்தேன், அந்த நேரத்தில் இவர் ஜெபித்தால் நானே கொன்றுவிடுவேன் என்றும் நினைத்தேன்.

"அன்னிக்கு அவன் பேரச் சொல்லி முடிக்கத்தான் நெனச்சேன் மச்சான்" என்றார். "வாய் தடம் மாறிடுச்சு. எத்தன தடவ நெனச்சாலும் அது என் தப்புதான்." அப்புறம் கையை ஊன்றி எழுந்து, கிழிந்த முதல் மூட்டைக்கு முன்னால் போய் முதுகைக் காட்டிக் குனிந்தார். பாதி காலியாகிப் போன மூட்டை. அதை யாரும் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "தூக்கி விடுங்க மச்சான்."

கேட்டிலிருந்து யாரோ, "அண்ணே, ஒண்ண எடுத்தாக்கூட கேஸ் போச்சுண்ணே, அப்புறம் நம்மகிட்ட ஒண்ணும் இல்ல" என்று சொன்னான். அவன் சொன்னதும் சரிதான். அண்ணன் அவனைத் திரும்பிப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், குனிந்திருக்கும் முதுகைப் பார்த்தார். அவருக்கு முன்னால் குனிந்தவன் கழுத்து, ஓங்கி மூட்டையைப் போட்டால் முறிந்துவிடுகிற தூரத்தில் இருந்தது. அது என் கணவருக்கும் தெரியும்.

நான் தரையில் உட்கார்ந்து ஊசியில் சணலைக் கோத்தேன். சிந்தியதை இரண்டு கையாலும் அள்ளி மூட்டைக்குள் போட்டேன். கறை பட்டதையும் சேர்த்துத்தான் அள்ளினேன், பிரிக்கத் தோன்றவில்லை. கிழிந்த வாயைக் கூட்டிப் பிடித்து முதல் தையலைப் போட்டபோது, எனக்கு மேலே ஒரு நிழல் விழுந்தது. அண்ணன் வந்து நின்று, குனிந்து மூட்டையின் இரண்டு காதையும் பிடித்தார். அவர் மணிக்கட்டில் என் பல் தடம் நீலம் பாரித்திருந்தது. முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"சீக்கிரம் தை" என்றார்.

நான் தைத்தேன். என் கணவரின் முதுகில் இருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது, அவர் நிமிரவில்லை. அண்ணனின் கைகள் சாக்கை இறுக்கிக்கொண்டே போயின, மகன் மூட்டையைத் தூக்கி விடப் பிடிப்பானே, அதே பிடியில்.